வில்லைப் பெயர்களில் ஒட்டி நிற்கும் எழுத்துகள்

லென்ஸ் என்பது இலத்தீன் மொழியில் ஒரு பயற்றின் பெயர். நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்குவது அந்தப் பயறுதான். உடைக்காத முழுப் பயற்றைப் பக்கவாட்டில் பார்த்தால் இருபுறமும் நடுவில் புடைத்து விளிம்பில் மெலிந்திருக்கும். அதே வடிவில் தேய்த்தெடுத்த கண்ணாடிக்கும் அப்பெயரே அமைந்துவிட்டது. உடைத்த பருப்பின் ஒருபுறம் தட்டையாக இருப்பதால், அது தட்டைக்குவி வில்லைக்குச் சான்றாகும் என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம். தமிழில் வில்லை என்பது கற்பூர வில்லை, மருந்து வில்லை, முற்காலத்துச் சேவகர்கள் அணிந்த பித்தளை வில்லை என வட்டமான சிறு பொருளைக் குறித்து வந்த சொல். தமிழகப் பாடநூல்கள் குவிலென்சு, குழிலென்சு என்றே எழுதுகின்றன. சேலத்துக் கேமராக் கடைகளிலும் லென்ஸ் என்று கேட்டால்தான் விளங்கும். ஆயினும் பிற சொற்களோடு இயல்பாகப் புணர்வதால் வில்லை என்பதையே இங்கு ஆள்கிறேன்.

கடைக்காரர் எடுத்து வைக்கும் நிக்கான் பெட்டியின் மேல் ‘ஏஎஃப்-பி டிஎக்ஸ் நிக்கோர் 18–55 மி.மீ. எஃப்/3.5–5.6ஜி விஆர்’ என்று இருக்கும். அருகிலுள்ள கேனான் பெட்டியில் ‘இஎஃப்-எஸ் 18–55 மி.மீ. எஃப்/4–5.6 ஐஎஸ் எஸ்டிஎம்’ என்று இருக்கும். இவற்றில் எண்கள் இயற்பியலைச் சார்ந்தவை, எல்லா நிறுவனத்துக்கும் பொது. எழுத்துகளோ அந்தந்த நிறுவனம் தன் விருப்பப்படி சூட்டியவை. குழப்பம் முழுவதும் எழுத்துகளிலிருந்தே பிறக்கிறது.

மில்லிமீட்டரில் உள்ள எண் குவியத் தொலைவு. குவியத்தைக் குறிக்கும் ஃபோகஸ் என்னும் சொல்லுக்கு இலத்தீனில் அடுப்பு என்று பொருள். அதை ஒளியியலுக்குக் கொண்டுவந்தவர் கெப்ளர், ஆண்டு 1604. ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்று 18 மி.மீ. வைத்தால் கீழே சேலம் சமவெளி அகன்று விரியும், 200 மி.மீ. வைத்தால் அதன் ஒரு சிறு துண்டு மட்டும் அருகில் வந்து நிற்கும். எஃப் என்னும் எண், குவியத் தொலைவை ஒளி புகும் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவு. 50 மி.மீ. வில்லையில் எஃப்/1.8 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 27.8 மி.மீ. ஆகும். எண் சிறுத்தால் துளை பெருக்கும், எஃப்/5.6-ஐ விட எஃப்/1.8 ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இதனைத் துளை எண் என்று சொன்னாலே போதும்.

நிக்கான் விஆர் என்பதும், கேனான் ஐஎஸ் என்பதும், சோனி ஓஎஸ்எஸ் என்பதும், டாம்ரான் விசி என்பதும், சிக்மா ஓஎஸ் என்பதும் ஒன்றே. கருவியைப் பிடித்திருக்கும் கை அசைவதை உணரிகள் கண்டறிய, அதற்கு ஈடாக உள்ளிருக்கும் வில்லைத் தொகுதி ஒன்று நகர்ந்து கொடுக்கும் அமைப்பு இது. கருவியிலிருந்து கழற்றி மாற்றும் வில்லைகளில் கேனான் இதனை 1995-இல் 75–300 மி.மீ. வில்லையோடு கொண்டுவந்தது. ஆங்கிலப் பெயர்களை அப்படியே பெயர்த்தால் உருவ நிலைநிறுத்தம், அதிர்வுக் குறைப்பு, அதிர்வு ஈடுசெய்தல் என ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் சேர்ந்துவிடும். கைநடுக்கத் தணிப்பு என்பதே சரியான சொல் என்பது என் கருத்து; இது எதைச் செய்யும் என்பதோடு எதைச் செய்யாது என்பதையும் இச்சொல் உணர்த்திவிடுகிறது. ஆடித் திருவிழாவில் சேலத்தின் குகைப் பகுதியில் இரவில் நடக்கும் வண்டி வேடிக்கையைப் படமெடுக்க, விஆர் இருக்கிறதே என்று எஃப்/5.6 வில்லையோடு போகிறவர்கள் உண்டு. கடவுளர் வேடமிட்டு வண்டியில் வருபவர்கள் அசையாமல் இருப்பதில்லை. கை நடுங்கியதால் வரும் மங்கலைத் தணிக்கும் கருவி, எதிரில் இருப்பவர் அசைந்ததால் வரும் மங்கலைத் தணிக்காது. அசைவு பதியாதபடி மிகக் குறுகிய நேரத்தில் எடுக்க நிறைய ஒளி வேண்டும்; அந்த இரவுக்கு வேண்டியது எஃப்/1.8 அல்லது எஃப்/2.8 மட்டுமே. கிளியூர் அருவியின் நீர் பட்டிழையாக வழியும்படி, ஒளி விழும் நேரத்தை நீட்டிக் கையில் பிடித்தே எடுப்பதானால் கைநடுக்கத் தணிப்பு பெரிதும் உதவும். முக்காலியில் வைத்தால் அதனை அணைத்துவிடுவது வழக்கம்.

ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பதைவிடத் தொல்லை தருவது, ஒரே எழுத்துக்குப் பல பொருள் இருப்பது. டிசி என்று சிக்மா எழுதினால், படம் பதியும் உணரி சிறியதாக உள்ள கருவிக்கான வில்லை. நிக்கான் எழுதினால் குவியத்துக்கு வெளியே உள்ள மங்கலைக் கட்டுப்படுத்தும் வசதி. நிக்கானின் ஜி, துளை வளையம் இல்லாத வில்லையைக் குறிக்கும். சோனியின் ஜி, உயர்தர வரிசையைக் குறிக்கும். நிக்கானின் ஏஎஃப்-எஸ் என்பதன் எஸ் ஓசையற்ற மோட்டார், கேனானின் இஎஃப்-எஸ் என்பதன் எஸ் வில்லையின் பின்புறத்துக்கும் உணரிக்கும் இடையிலான குறுகிய தொலைவு.

பழைய வில்லை வாங்குவோர் பொருத்தத்தைச் சொல்லும் எழுத்துகளையே முதலில் பார்க்க வேண்டும். இஎஃப்-எஸ் வில்லை கேனானின் முழுச்சட்டக (அதாவது 35 மி.மீ. படச்சுருளின் சட்டக அளவுக்கு உணரி கொண்ட) எஸ்எல்ஆர் கருவிகளில் பொருந்தாது. சிறிய உணரிக்கான நிக்கானின் டிஎக்ஸ் வில்லை முழுச்சட்டகக் கருவியில் பொருந்தினாலும் படத்தின் நடுப்பகுதியை மட்டுமே நிரப்பும். நிக்கான் டி3500 போன்ற, உடலில் குவிய மோட்டார் இல்லாத கருவியில் ஏஎஃப் (தானியங்கிக் குவியம்) என்று மட்டும் உள்ள பழைய வில்லையை மாட்டினால் கையால் திருகித்தான் குவியம் செய்ய வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவந்த பிறகு இதை அறிவது வருத்தம் தரும்.

சிறு பொருளை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் வில்லையை மேக்ரோ என்பார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நீளமான, பெரிய என்று பொருள்; இதே வகை வில்லைக்கு நிக்கான் மைக்ரோ, அதாவது சிறிய, என்று பெயரிட்டிருக்கிறது. அண்மைப்பட வில்லை என்பது இரண்டுக்கும் பொருந்தும். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள் பூக்கும் நாட்களில் ஒற்றைப் பூவை எடுக்க விரும்புவோர், பெயரில் மேக்ரோ என்று இருப்பதை மட்டும் நம்பாமல், உருப்பெருக்கம் 1:1, அதாவது பூவின் உண்மை அளவே உணரியில் விழும், என்று குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரில் மேக்ரோ சேர்த்துக்கொண்ட சில ஜூம் வில்லைகள் 1:4 அளவோடு நின்றுவிடுகின்றன.