புது லாரி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேரான சாலையில் ஸ்டீயரிங் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி தானாக ஓரத்தை நோக்கி நகர்கிறது. பழைய லாரி என்றால் புஷ் போய்விட்டது, பேரிங் போய்விட்டது என்று எதையாவது சொல்லிச் சமாதானம் ஆகலாம். புது வண்டியில் என்ன தேய்ந்திருக்க முடியும்?

எதுவும் தேயவேண்டியதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அதன் பாதை வெறும் அரை டிகிரி விலகினால் போதும், ஒவ்வொரு வினாடிக்கும் 19 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஐந்து வினாடியில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். தொழிற்சாலையிலிருந்து அன்று காலை வந்த வண்டியில்கூட அரை டிகிரி எங்காவது ஒளிந்திருக்கலாம்.

தேடுவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் வளையம் கோணலாக நிற்கிறது, ஆனால் வண்டி நேராகத்தான் போகிறது என்றால் அது இழுப்பு இல்லை. பிரேக் போடும்போது மட்டும் ஒதுங்கினால் அது பிரேக்கின் கதை. ஒரு நேரம் இடது, ஒரு நேரம் வலது என்று அலைந்தால் அது வேறு நோய். சீரான வேகத்தில், காற்றில்லாத நாளில், எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்குவதுதான் இழுப்பு. இதைச் சோதிக்கும்போது கையை முழுதாக எடுக்கக் கூடாது. விரல் நுனியில் வளையத்தைத் தாங்கிக்கொண்டாலே வண்டி எந்தப் பக்கம் போகத் துடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் சந்தேகம் சாலைமேல்தான் வரவேண்டும். மழைத்தண்ணீர் வழிந்தோடச் சாலையின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுகிறார்கள். சரிவு பொதுவாக 2 சதவீத அளவில் இருக்கும். மூன்றரை மீட்டர் அகலத் தடத்துக்கு 7 சென்டிமீட்டர் இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, எடைக்குத் தெரியும். 2 டன் வண்டியை அந்தச் சரிவு 40 கிலோ எடைக்குச் சமமான விசையால் ஓரத்துக்குத் தள்ளுகிறது. 16 டன் லாரி என்றால் 320 கிலோ.

"போகும்போதும் பார்த்தேன், திரும்பி வரும்போதும் பார்த்தேன், இரண்டு தடவையும் அதே பக்கம்தான் இழுத்தது. அப்படியானால் வண்டிதானே கோளாறு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விபோலத் தோன்றும், ஆனால் இல்லை. திரும்பி வரும்போது நீங்கள் சாலையின் மறுபாதியில் வருகிறீர்கள். அங்கேயும் உங்கள் ஓரம்தான் தாழ்வு. இந்தச் சோதனை காற்றின் பாதிப்பைக் கழித்துவிடும், சாலைச் சரிவைக் கழிக்காது. அகலமான, காலியான, ஒரே தளமாக உள்ள மைதானத்தில் ஒரே கோட்டில் இரு திசையிலும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் சரிவு கழியும்.

சரி, சாலை குற்றவாளி இல்லை என்று தெரிந்துவிட்டது. உடனே எல்லோரும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்கு ஓடுகிறார்கள். நான் என்றால் முதலில் டயரைப் பிடிப்பேன்.

காற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். முன் டயர் இரண்டில் காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். புது வண்டிகளைத் தொலைவிடங்களுக்கு அனுப்பும்போது டயரில் வழக்கத்தைவிட அதிகக் காற்று அடைத்து அனுப்புவது உண்டு. ஒப்படைக்கும் முன் அதைச் சரியான அளவுக்கு இறக்க வேண்டும். மற்றவற்றில் இறக்கி ஒரு முன் டயரை மறந்தால் அதுவே போதும். டயர் ஆறிய நிலையில், ஒரே மானியால் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகாது.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. டீ குடிக்கும் பேப்பர் கப் ஒன்றைத் தரையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, குறுகிய பக்கத்தை மையமாக வைத்து வட்டமடிக்கும். வாய்ப்பக்கம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் அதிகம், அடிப்பக்கம் கடக்கும் தூரம் குறைவு, அவ்வளவுதான். ரேடியல் டயரின் மேற்பரப்புக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றிவரும். தயாரிக்கும்போது அந்தப் பட்டை நடுவிலிருந்து ஒரு மயிரிழை விலகி உட்கார்ந்தால், டயரின் ஒரு விளிம்பு மற்றதைவிட விறைப்பாகிவிடும். சுமை ஏறும்போது ஒரு பக்கம் குறைவாக அமுங்கும், மறுபக்கம் அதிகம் அமுங்கும். பார்வைக்கு உருளையாக இருக்கும் டயர் சாலையில் பேப்பர் கப் ஆகிவிடுகிறது. இதைக் கூம்புத்தன்மை என்று சொல்லலாம். டயர் ஆலைகளில் இதை இயந்திரத்தில் வைத்து அளக்கிறார்கள். ஆனால் அனுமதித்த எல்லைக்குள் இருக்கும் இரண்டு டயர்கள் முன்னால் ஜோடி சேர்ந்து, இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால் எல்லை என்ன செய்யும்?

கண்டுபிடிக்கும் வழி எளிது. முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். இழுப்பு மறுபக்கம் திரும்பிவிட்டால் குற்றவாளி டயர்தான், வேறு எதையும் தொட வேண்டாம். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால், அதே பக்கத்தில் முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பட்டைக் கம்பிகள் சாய்வாகப் போடப்படுவதால் வரும் இன்னொரு வகைப் பக்க விசை, டயரை இடம் மாற்றினாலும் திசை மாறாது. சாலைச் சரிவை ஓரளவு ஈடுகட்ட டயர் தயாரிப்பாளர்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். வேறு வண்டியிலிருந்து வேறு ரக டயர் ஜோடியை வாங்கி மாட்டிப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

இனி அலைன்மென்ட். இரண்டு முன் சக்கரங்களையும் டை ராடு என்ற கம்பி இணைக்கிறது. அதை ஒரு தராசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரங்களும் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளுகின்றன. தள்ளல் சமமாக இருக்கும்வரை வண்டி நேராகப் போகும்.

கடைகளில் பெரும்பாலும் திருத்தித் தருவது டோ எனப்படும் கோணத்தை. மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு அது. டோ தவறினால் டயர் தேயும், ஸ்டீயரிங் வளையம் கோணலாகும். ஆனால் முன் டோ வண்டியை இழுக்காது. தவறு எவ்வளவு இருந்தாலும் உருளும்போது இரண்டு சக்கரமும் அதைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும், தராசு சமமாகவே நிற்கும். மூன்று தடவை அலைன்மென்ட் செய்தும் இழுப்பு போகவில்லை என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

தராசைச் சாய்ப்பவை கேம்பரும் காஸ்டரும். சக்கரத்தின் தலை வெளிப்பக்கமோ உட்பக்கமோ சாய்வது கேம்பர். சாய்ந்து உருளும் நாணயம் சாய்ந்த பக்கமே வளைந்து போவதைப்போல, தலை அதிகமாக வெளியே சாய்ந்த சக்கரத்தின் பக்கம் வண்டி இழுக்கும். காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. சக்கர நாற்காலியைத் தள்ளினால் அதன் சின்னச் சக்கரங்கள் தாமாகவே பின்னால் திரும்பி நேராகுமே, அந்த வேலையை லாரியில் செய்வது காஸ்டர். காஸ்டர் குறைந்த பக்கம் தோற்கும், வண்டி அந்தப் பக்கம் போகும்.

அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை நிறத்தில் வந்திருக்கிறது என்று காட்டுவார்கள். அந்தப் பச்சையை நம்பாதீர்கள். கேம்பருக்கு அனுமதி கூட்டல் அரை டிகிரியிலிருந்து கழித்தல் அரை டிகிரிவரை என்று வைத்துக்கொள்வோம். இடது சக்கரம் கூட்டல் 0.4, வலது சக்கரம் கழித்தல் 0.4. தனித்தனியாக இரண்டும் பச்சை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ 0.8 டிகிரி. வண்டி இடது பக்கம் போகும். தாளில் தேடவேண்டியது இந்த இட வல வித்தியாசத்தை.

கனரக லாரியில் பின்பக்கத்தையும் கவனிக்க வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் இரட்டை ஆக்சில் (சக்கர அச்சு) இருந்து, அவை ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், அவற்றின் டயர்கள் ஓயாமல் சண்டை போட்டு வண்டியின் பின்பகுதியை ஒரு பக்கம் தள்ளும். ஓட்டுநர் அதற்கு எதிராக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருப்பார், முன் டயர்கள் தேயும். முன் அலைன்மென்ட்டோ கச்சிதமாக இருக்கும்!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரேக் ஒரு சக்கரத்தில் விடாமல் உரசினால், அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தியபின் அந்தச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். தொடாமல், கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். டீசல் டாங்க் ஒரே பக்கம் இருந்தால் 400 லிட்டர் நிரப்பும்போது அந்தப் பக்கத்தில் சுமார் 330 கிலோ கூடுகிறது. அதனால் பாதி டாங்கில் ஒரு தடவை, முழு டாங்கில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது. முன் சக்கரங்களைப் பணிமனையில் தரையிலிருந்து தூக்கி வைத்து இஞ்சினை ஓட்டும்போது ஸ்டீயரிங் தானாகவே சுற்றத் தொடங்கினால், கோளாறு பவர் ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருக்கிறது.

சிறிய டிரக்குகளில் இப்போது மின் மோட்டார் ஸ்டீயரிங் வருகிறது. ஓட்டுநர் எப்போதும் ஒரு பக்கமாக லேசாகப் பிடித்திருப்பதை உணர்ந்து, அந்த அளவு உதவியைத் தானே தரும் மென்பொருள் சிலவற்றில் உண்டு. சாலைச் சரிவுக்கு இது நல்ல உதவி. ஆனால் உண்மையான கோளாறையும் அது மூடி மறைத்துவிடும், கைக்கு எதுவும் தெரியாது. டயரை மட்டும் ஏமாற்ற முடியாது. ஆகவே அப்படிப்பட்ட வண்டியில் இழுப்பு இல்லை என்று விட்டுவிடாமல், முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் முன் டயர்களின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட வேகமாகக் கரைந்திருந்தால், ஓடிய கிலோமீட்டரைக் குறித்து எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.