'கரண்ட்' வைக்கும் ஆறு வாரம்

"குழந்தைக்குக் கரண்ட் எத்தனை நாள் வைக்க வேண்டும், டாக்டர்?" கதிர்வீச்சு சிகிச்சை என்றதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எப்படி வைக்கப் போகிறீர்கள், வைக்கும் முன் யார் சரிபார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது மெடுலோபிளாஸ்டோமா. சிறுமூளையில் தோன்றும் இந்தக் கட்டியின் செல்கள், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரில் கலந்து எங்கும் பரவக்கூடியவை. ஆகவே அறுவை சிகிச்சையில் கட்டியை முழுவதும் எடுத்த பிறகும், உச்சந்தலை முதல் முதுகின் அடி வரை கதிர் கொடுக்கிறோம். பரவல் இல்லாத, மூன்று வயதைக் கடந்த குழந்தைக்கு இதன் வழக்கமான அளவு 23.4 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு). கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் 54 கிரே வரை கூட்டுவோம். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். கீமோதெரபியும் சேர்ந்து எல்லாம் முறையாக நடந்தால், இந்தப் பிரிவில் பத்துக்கு எட்டுக் குழந்தைகள் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

'முறையாக' என்ற சொல்லுக்குள் நிறைய அடங்கியிருக்கிறது. இரு கண்களுக்கும் நடுவே, மூக்கின் கூரையில், சல்லடை போலத் துளைகள் கொண்ட மெல்லிய எலும்புத் தட்டு ஒன்று உண்டு. மூளையைச் சூழ்ந்த நீர் அங்கும் இறங்கி நிற்கும். பக்கவாட்டிலிருந்து கதிர் செலுத்தும்போது கண்ணின் லென்சைக் காக்கத் தடுப்பு வைக்கிறோம். அந்தத் தடுப்பு சில மில்லிமீட்டர் கூடிவிட்டாலும் தட்டு அதன் நிழலில் சிக்கிக்கொள்ளும். கண்ணில் புரை விழுந்தால் பின்னாளில் லென்ஸ் மாற்றிவிடலாம். அந்த இடத்தில் நோய் திரும்பினால் குழந்தையை மீட்பது மிகக் கடினம். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களை முதலில் அந்தத் தட்டைத்தான் வரையச் சொல்வேன்.

இது வீண் பயம் அல்ல. பிரான்சில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் கதிர்வீச்சுப் படங்களை நிபுணர் குழு ஒன்று பின்னர் ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது. 1999இல் முடிவு வெளியானது. கதிர் பட வேண்டிய இடத்தை வரைந்ததில் இரண்டு பெரிய பிழைகள் இருந்த குழந்தைகளில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியிருந்தது. மூன்று பிழை என்றால் இன்னும் அதிகம்.

நாள் கணக்கும் அப்படித்தான். 2004இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், கதிர்வீச்சை 50 நாட்களுக்குள் முடித்தவர்களில் சுமார் 84 சதவீதம் பேர் மூன்றாம் ஆண்டில் உயிருடன் இருந்தார்கள். 50 நாட்களைத் தாண்டியவர்களில் அது சுமார் 71 சதவீதம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார், பிள்ளை தெம்பாகத்தானே இருக்கிறான் என்று நான்காம் வாரத்தில் குலதெய்வக் கோயில் கொடைக்கு ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். ஒரு வாரம் போயிற்று. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அவருக்குப் புரியும்படி சொல்லியிருக்கவில்லை. இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: இயந்திரம் பழுதானாலும், விடுமுறை வந்தாலும், விட்டுப்போன நாளை ஈடுகட்ட வழி உண்டு. சனிக்கிழமை வைக்கலாம். அல்லது ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இருமுறை வைக்கலாம். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. தொடங்கும் முன் இன்னொரு மருத்துவர் திட்டத்தைப் பார்த்தாரா என்று கேட்பதும் அப்படியே. அதற்காக எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிக்க மாட்டார்.

அண்மையில் ஒரு தாய், பள்ளி நோட்டில் முப்பது கட்டம் போட்டுக்கொண்டு வந்தார். கதிர் வைக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் வலை முகமூடியைக் கழற்றியதும், கன்னத்தில் வலைத்தடம் மறையும் முன்பே, மகள் ஓடிவந்து அன்றைய கட்டத்துக்கு வண்ணம் தீட்டுவாள். ஒரு புதன்கிழமை இயந்திரம் நின்றுபோனது. காலை ஒன்பது மணிக்குள் அந்தத் தாயின் தொலைபேசி வந்துவிட்டது. "டாக்டர், இந்தக் கட்டத்தைச் சனிக்கிழமை நிரப்பிவிடுவீர்களா?"

நிரப்பினோம்.