போட்டி நிலையங்கள் இரண்டும் ஒரே முதலாளியிடம் இருந்தால்

அமெரிக்காவில் சிறு வியாபாரிகளுக்கு வானொலி விளம்பர நேரம் வாங்கித் தருவது என் தொழில். குதிரைத் தீவனமும் சேணமும் விற்கும் ஒருவருக்கு, ஊரில் இருந்த இரண்டு கன்ட்ரி (அமெரிக்கக் கிராமியப் பாணி) இசை நிலையங்களிலும் நேரம் எடுத்துக் கொடுத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை போன் செய்தார். "என் விளம்பரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கிறிஸ்துமஸ் பாட்டு ஓடுதே, ஏன்?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று மாதப் பணம் கட்டியாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் பாட்டையோ, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பவோ சில நாள் ஓடவிட்டு, பழைய நேயர்களைக் கழற்றிவிட்டுப் புது இசை வகைக்குத் தாவுவது இங்கே பழகிப்போன வழி.

தீவனக் கடைக்காரர் கதை நடந்தது வேறு ஊரில். ஆனால் சியாட்டில் கதையைப் பார்த்தால் காரணம் புரியும். அங்கே 94.1 கேஎம்பிஎஸ் பல பத்தாண்டுகளாகக் கன்ட்ரி நிலையம். 2005இல் 100.7 'தி உல்ஃப்' எதிரே வந்து நின்றது. நேயர்களுக்கு நல்ல காலம் அது. 2017 நவம்பரில் 94.1இன் உரிமையாளரான சிபிஎஸ் ரேடியோ, 100.7இன் உரிமையாளரான என்டர்காமுடன் இணைந்தது. இரண்டு நிலையங்களும் ஒரே முதலாளி கைக்குப் போயின. தன் சரக்கோடு தானே எவ்வளவு நாள் போட்டி போடுவார்? அடுத்த மாதமே 94.1 கன்ட்ரியை விட்டது. அந்த இடத்தைப் பிடிக்க, வேறொரு நிறுவனத்தின் 98.9 ராக் இசையை விட்டுவிட்டு 'தி புல்' என்ற கன்ட்ரி நிலையமானது.

1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம்தான் இதற்குக் கதவைத் திறந்தது. 45 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ள பெரிய சந்தையில் ஒரே நிறுவனம் 8 வரை வைத்துக்கொள்ளலாம். பாட்டு வகையை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நேயர்கள் மனுப் போட்டும் தடுக்க முடியாது. பாட்டு வகையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்ற எஃப்சிசியின் (அமெரிக்க ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொள்கையை உச்ச நீதிமன்றம் 1981இலேயே ஏற்றுக்கொண்டது.

இங்கே மளிகைக் கடையோ கிளினிக்கோ நடத்தும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு நிலையங்களின் ஆர்ஜேக்கள் காலையில் ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எஃப்சிசி தளத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பொதுக் கோப்பு இருக்கிறது. உரிமையாளர் யார் என்பது அதில் தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், தனித்தனி விலை கொடுக்காமல் சேர்த்துப் பேரம் பேசுங்கள். அப்புறம், அதில் ஒன்று எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று கணக்கில் வையுங்கள்.

தீவனக் கடைக்காரருக்குப் பணம் திரும்பவில்லை. மீதி விளம்பரங்கள் புது நிலையத்தில் ஓடின, குதிரையே வளர்க்காதவர்கள் காதில். அதிலிருந்து என் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஒரு வரி உண்டு: பாட்டு வகை மாறினால் ஓடாத விளம்பரங்களுக்கான பணம் முப்பது நாளில் திரும்ப வேண்டும். விற்பனை மேலாளர் அந்த வரியை அடித்தால், அந்த நிலையத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நான் நேரம் எடுப்பதில்லை.