நிலைக்குழுவுக்குப் போகாத மசோதா

கிருஷ்ணகிரியில் வழக்கு நடத்துகிற எனக்கு டெல்லி ஒன்றும் தூரத்து ஊர் அல்ல. அங்கே நாடாளுமன்றத்தில் இரண்டு நாளில் நிறைவேறும் ஒரு சட்டப் பிரிவு, இங்கே ஒருவருடைய ஜாமீன் மனுவை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும்.

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களுக்குப் பதிலாக வந்த ஒரே சட்டம். அதன் மசோதா மார்ச் 11-இல் மக்களவைக்கு வந்தது. 27-ஆம் தேதி அங்கே நிறைவேறியது. ஏப்ரல் 2-இல் மாநிலங்களவையும் முடித்துவிட்டது. நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. அனுப்பவில்லை.

செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். (ஓசூர்ப் பக்கம் விடுதி, கல்லூரி, மருத்துவமனை நடத்துகிறவர்கள் கவனிக்க: தங்களிடம் வரும் வெளிநாட்டவர் பற்றித் தகவல் தரும் கடமை மூவருக்கும் உண்டு.) படகில் உயிர் தப்பி வந்தவர்கள் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்கள்? அணைக்கட்டுகளை ஒட்டியிருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, எங்களைப் பிடித்துவிடுவார்களா?"

பிடிக்க மாட்டார்கள் என்பதற்கான ஆதாரம் சட்டத்தில் இல்லை. அதே நாளில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட விலக்கு ஆணையில் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. நிம்மதிதான். ஆனால் அது குடியுரிமை தருவதில்லை. அரசு ஆணையால் வந்ததை இன்னொரு ஆணையால் எடுத்துவிடவும் முடியும். அதற்கு நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பு தேவையில்லை.

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஓர் அம்மாள் எடுத்து வைத்த காகிதங்களில், பழைய பதிவுச் சீட்டில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் இன்னொரு பெயர். திருமணத்துக்குப் பின் முன்னெழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். விலக்கே பதிவை நம்பி நிற்கும்போது இது சின்ன விஷயமல்ல. பெயர் பிசகியவர்கள், பதிவு விடுபட்டவர்கள் நிலை என்ன என்று உள்துறைச் செயலாளரை உட்காரவைத்துக் கேட்கும் இடம்தான் நிலைக்குழு.

துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-இல் தொடங்கின. இன்று 24 இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கேமராக்கள் இல்லாததால் உறுப்பினர்கள் கட்சி மறந்து பேச ஓரளவு வாய்ப்பு உண்டு. 15-ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் 16 விழுக்காடுதான்.

பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு மட்டும் வழி திறந்த குடியுரிமைத் திருத்த மசோதா, 2016-இல் இரு அவை உறுப்பினர்களின் கூட்டுக்குழுவுக்குப் போனது. பொதுமக்களிடம் கருத்தும் கேட்டார்கள். இலங்கையை ஏன் விட்டீர்கள் என்று முகாம்களின் சார்பில் எழுதிக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அந்த மசோதா காலாவதியாகி, 2019 டிசம்பரில் புதிதாக வந்தது எந்தக் குழுவுக்கும் போகாமலே சட்டமானது.

பாதுகாப்புச் சட்டங்களின் கதை இன்னும் மோசம். பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டத்துக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருந்தது. நீட்டிக்கும்போதெல்லாம் நாடாளுமன்றத்துக்கு வந்தாக வேண்டும். 1995-இல் நீட்டிக்காமல் விட்டதால் செத்தது. அதே நோக்கத்தில் வந்து மாநிலங்களவை நிராகரித்த பொடா, 2002 மார்ச் 26-இல் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அதற்கும் 3 ஆண்டு என்று கெடு வைத்தார்கள். அதே ஆண்டு இறுதியில், அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஊத்தங்கரையில், கைதான இளைஞர்கள் மீது பொடா பாய்ந்ததை இந்தப் பக்கத்தில் மறந்தவர்கள் குறைவு. 2004-இல் பொடா ஒழிந்தது. அதன் பிரிவுகள் பல, கெடு எதுவும் இல்லாத உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பர் 16-இல் வந்த உபா திருத்தம் 18-ஆம் தேதிக்குள் இரு அவைகளையும் கடந்துவிட்டது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்கலாம் என்பதும், ஜாமீனுக்கான இன்றைய கடும் தடையும் அதில் வந்தவை. கெடு இல்லாத சட்டத்தை மறுபடி விவாதிக்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. சிறையில் இருப்பவருக்கு மட்டும்தான் அவசரம்.

முகாமில் இருப்பவர்கள் பதிவுச் சீட்டு, குடும்ப அட்டை, ஆதார் மூன்றிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப் பாருங்கள். பிசகு இருந்தால் இப்போதே எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். நம் தொகுதி எம்.பி.யிடம் போகிறவர்கள், விலக்கு ஆணையைச் சட்டப் பிரிவாக்கும் உத்தேசம் உண்டா என்று எழுத்துபூர்வ பதிலுக்கான கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். அமைச்சரின் பதில் அவைப் பதிவில் ஏறும். குழுவுக்குப் போகும் மசோதா என்றால் நாளிதழில் விளம்பரம் வரும். பெரும்பாலும் 15 நாள்தான் அவகாசம். கருத்துகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் தமிழில் எழுதி எங்கள் வழக்கறிஞர்களில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்புவது எங்கள் வேலை.