ட்ராமா: நாடகமா, காயமா?

“பையன் ட்ராமாவுல இருக்கான்” என்று ஒரு தாய் சொன்னால், எதிரே இருக்கும் பெரியவர் “ஆமா, நடிக்கிறான்” என்று எடுத்துக்கொள்ள வழி உண்டு. மதுரைப் பேச்சில் ‘ட்ராமா போடுறான்’ என்றால் பாசாங்கு பண்ணுகிறான் என்றுதான் பொருள். நாடகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் (drama) காயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் (trauma) தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே விழுந்துவிடுகின்றன. அடிபட்ட மனசைப் பாசாங்கு என்று ஒதுக்கும் பழக்கம் ஏற்கெனவே நம்மிடம் இருக்க, எழுத்தும் அதற்குத் துணைபோக வேண்டாம்.

கிரேக்கத்தில் ‘ட்ரௌமா’ என்றால் உடம்பில் பட்ட காயம். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் வருவது ஒரே இடத்தில்தான்: லூக்கா 10:34. கள்ளர் கையில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சமாரியன் “காயங்களைக் கட்டி”னான் என்கிறது தமிழ் வேதாகமம். ஆக, சரியான தமிழ்ச் சொல் ஞாயிறுதோறும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

காயம் மனசுக்கு ஏறியது ரயிலால். 1866இல் லண்டன் அறுவை மருத்துவர் எரிக்சன், ரயில் விபத்தில் சிக்கியவர்களுக்குப் பின்னாளில் வரும் நடுக்கத்தையும் தூக்கக் கெடுதலையும் எழுதினார். முதுகுத்தண்டு அதிர்ந்ததே காரணம் என்று நினைத்தார். 1889இல் பெர்லினில் ஓப்பன்ஹைம் என்ற நரம்பு மருத்துவர் அதை நரம்பு நோயாக்கினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனி நோயாக இடம்பிடித்தது. மருத்துவமனைப் பலகையில் மட்டும் பழைய பொருள் அப்படியே நிற்கிறது: ‘ட்ராமா வார்டு’ என்றால் விபத்துப் பிரிவுதான், மனநலப் பிரிவு அல்ல.

தமிழில் எதைச் சொல்வது? ‘அதிர்ச்சி’ அந்த நொடியோடு முடிந்துவிடும். இதுவோ நொடி முடிந்தபின் தங்குவது. ‘உளப்பேரதிர்ச்சி’ அகராதிக்காகச் செய்த சொல், வாயில் நிற்காது. ‘மனவடு’ அழகுதான், ஆனால் சுட்ட புண் ஆறும், வடு ஆறாது என்று குறள் கேட்டு வளர்ந்த காதில் அது ‘இனி மாறாது’ என்றே விழும். ‘மனக்காயம்’தான் பொருந்தும். காயம் ஆறும், சீழும் பிடிக்கும், கட்டுப் போட ஆள் வேண்டும். மனசுக்கும் இந்த மூன்றும் உண்டு.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது இதன் அறிகுறி ஒன்றை அப்படியே சொல்லிவிடுகிறது. விருதுநகர்ப் பக்கம் பட்டாசு ஆலை வெடிப்பில் தப்பிய ஒருவரைக் கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனையில் பாருங்கள். வெளியே வேட்டுச் சத்தம் கேட்டதும் கை பெஞ்சை இறுக்கும், சட்டை நனையும், கண் வாசலைத் தேடும். மூளையில் பய மணி அடிக்கும் அமிக்டலா முந்திக்கொள்கிறது. ‘இது அன்றைக்கு, இது இன்றைக்கு’ என்று பிரித்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் பிந்திவிடுகிறது. அதனால் நினைவு நினைவாக வராமல் மறுபடி நடப்பதாகவே வருகிறது. இதை விசுவாசக் குறைவு என்பது, உடைந்த காலைச் சோம்பல் என்பதைப் போல.

அந்த நேரத்தில் ‘கண்ணை மூடி ஜெபிப்போம்’ என்று சொல்லாதீர்கள். கண் மூடினால் காட்சி பெருகும். கண் திறந்தபடி, செருப்பைக் கழற்றிப் பாதம் தரையில் பதியட்டும். மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். இழுக்கும்போது “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்”, விடும்போது “நான் தாழ்ச்சியடையேன்”. மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுகிறதா? விட்டுவிட்டு, எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். தலையில் கைவைக்குமுன் கேளுங்கள், முக்கியமாக அவரைக் காயப்படுத்தியது ஒரு மனிதக் கையாக இருந்தால். சாட்சி சொல்ல மேடைக்கு இழுப்பதும், ‘மன்னிச்சு மறந்துடு’ என்று அவசரப்படுத்துவதும் ஆறாத புண்ணின் கட்டைப் பிரிப்பதுதான். சூரைச்செடியின் கீழ்ச் சாவைக் கேட்ட எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தடவை, நடுவில் தூங்கவும் விட்டான்.

முதல் சில வாரங்களில் பலருக்குத் தானாகவே அடங்கும். அந்த முதல் மாதத்தில் இதற்காக பென்சோடயசபைன் வகைத் தூக்கமாத்திரை தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். ஏற்கெனவே எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, அந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போதல், சின்னச் சத்தத்துக்கும் துள்ளல் எல்லாம் நீடித்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மனக்காயத்துக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். மூன்றாவது நான்காவதில் நினைவைத் தொடும்போது கனவு கூடுவது உண்டு. சிலர் ‘மோசமாகிறது’ என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உடன் போக ஒருவர் இருந்தால் அந்த வாரங்கள் கடந்துவிடும். சமாரியன்கூட சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்றுதான் போனான்.

இரவில் சாகத் தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்: அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.