சென்னைக்கு நாலு மணி நேரம்தான், ஆனால் டிக்கெட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

சிங்கப்பூர் தேக்காவில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வாரம் ஒருவராவது சென்னை டிக்கெட்டை நீட்டிக் கேட்பார்: "அண்ணே, போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஆறே முக்காலா? திரும்பும் விமானம் நடுவில் எங்கேயாவது நிற்குமா?"

நிற்காது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 9:00க்கு சாங்கி விமான நிலையத்தில் கிளம்பும் விமானம் சென்னை நேரம் 10:40க்கு இறங்கினால், இரண்டரையைக் கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். அங்கே இரவு 11:30க்குக் கிளம்பி இங்கே காலை 6:10க்கு இறங்கினால், இரண்டரையைக் கழியுங்கள். அதே 4 மணி 10 நிமிடம்தான்.

சிலர் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். சென்னை சுமார் 2,900 கி.மீ.; மணிக்கு 870 கி.மீ. வேகம் என்றால் மூன்றேகால், மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே என்பார்கள். ஆனால் அட்டவணை நேரம் என்பது விமானம் வாசலைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை. ஓடுபாதையில் வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இன்னொன்று, தெற்கே இருப்பதால் திருச்சிதான் சிங்கப்பூருக்குப் பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் சென்னைதான் ஐம்பது கிலோமீட்டர் போலப் பக்கம்.

இதெல்லாம் தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. நள்ளிரவு டிக்கெட் அப்படியல்ல. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டார். டிக்கெட்டில் 14ஆம் தேதி, 00:40; அதாவது 13ஆம் தேதி இரவு பன்னிரண்டைத் தாண்டி நாற்பது நிமிடம். அவர் 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்குப் பெட்டியோடு சாங்கியில் போய் நின்றார். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. போனில் அவர் குரல் உடைந்தது இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் டிக்கெட்டுக்கு அவருடைய ஒரு மாதச் சேமிப்பு போனது. முகூர்த்தம் முடிந்த பிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் முந்தைய நாள் தேதியைச் சிவப்புப் பேனாவால் எழுதுகிறேன். 14ஆம் தேதி 00:40 என்றால்: "13ஆம் தேதி, இரவு 9:30, சாங்கி." எழுதியதை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். இணையத்தில் நீங்களே டிக்கெட் போட்டாலும் இதைச் செய்யுங்கள். 00 என்று தொடங்கும் நேரத்தைப் பார்த்தால், முந்தைய நாள் இரவே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அப்புறம், இன்சுலின் போடும் அப்பா அம்மாவை இங்கே அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் இரவு எட்டு மணி ஊசி என்றால் இங்கே அப்போது பத்தரை. எந்த வேளை ஊசியை எப்போது போடுவது என்று, பெட்டி கட்டும் முன்பே அவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி மருந்து கைப்பையில் இருக்கட்டும்.