கம்பெனி டெலாவேரில், வேலை டெக்சாஸில்

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, டாலஸுக்கு வடக்கே குடியிருக்கும் நம்மவர் ஒருவர், கணக்கும் வரியும் பார்க்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். சாஃப்ட்வேர் கன்சல்டிங் செய்கிறார். அவரையும் சேர்த்து நான்கு பேர். மேசைமேல் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று, நான்கு மாதமாகப் பணம் வராத இன்வாய்ஸ்களின் பட்டியல். மற்றது, பணம் தரவேண்டிய நிறுவனத்தின் வக்கீல் அனுப்பிய கடிதம். அரைப் பக்கம்தான். "உங்கள் எல்எல்சி டெக்சாஸில் பதிவாகவில்லை, ஆகவே இந்த மாநில நீதிமன்றத்தில் அது வழக்கு நடத்த முடியாது" என்பது அதன் சாரம். எல்எல்சி என்றால், கம்பெனிக் கடன் பொதுவாக உரிமையாளர் தலையில் விழாத வகைக் கம்பெனி.

"அண்ணா, வருஷா வருஷம் ஜூன் ஒண்ணாம் தேதிக்குள்ள டெலாவேருக்கு 300 டாலர் கட்டிட்டு வர்றேன். ஒரு தடவைகூடத் தவறினதில்லை. அப்புறம் எப்படி ரெஜிஸ்டர் ஆகலைன்னு எழுதுறாங்க?"

அவர் சொன்னதும் சரி, வக்கீல் எழுதியதும் சரி. இது எப்படி என்று அவருக்குக் கம்பெனி தொடங்கிய அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. 2021 அக்டோபரில் இணையத்தில் அரைமணி நேரத்தில் தொடங்கிய கம்பெனி அது. "டெலாவேர்தான் பெஸ்ட்" என்று நண்பர் சொன்னாராம்.

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் இதில் தடுக்கி விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் கம்பெனிச் சட்டம் மத்திய அரசின் சட்டம். சென்னையில் பதிவுசெய்த பிரைவேட் லிமிடெட் புனேயிலும் அதே கம்பெனிதான். ஜிஎஸ்டி மாநிலவாரியாக எடுக்க வேண்டியிருக்கும், ஆனால் "நீ எங்கள் மாநிலத்துக் கம்பெனி இல்லை" என்று மகாராஷ்டிரா சொல்லாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. இங்கே கம்பெனியைப் பிறப்பிப்பது மாநிலம். ஒரு மாநிலத்தில் பிறந்த கம்பெனி மற்ற 49 மாநிலங்களுக்கும் வெளி ஆள். 1839-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேங்க் ஆஃப் அகஸ்டா வழக்கில் இதைச் சொல்லிவிட்டது: கம்பெனி தான் பிறந்த இடத்தில்தான் வசிக்கும். வெளியே போய்த் தொழில் செய்யலாம், ஆனால் அந்த மாநிலம் இடம் கொடுக்க வேண்டும். அப்படி இடம் கேட்டு வாங்குவதற்குப் பெயர்தான் ஃபாரின் குவாலிஃபிகேஷன்.

'ஃபாரின்' என்ற சொல்லே பலரைத் திசைதிருப்பிவிடுகிறது. "நாங்க அமெரிக்கக் கம்பெனிதானே, ஃபாரின் கம்பெனி ஃபார்ம் எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டு, சரியான படிவத்தை ஒதுக்கிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டெக்சாஸ் பார்வையில் டெலாவேர் எல்எல்சியும் ஃபாரின்தான், பக்கத்து ஒக்லஹோமா எல்எல்சியும் ஃபாரின்தான். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று மத்திய நிதித்துறையின் ஃபின்சென் அமைப்புக்குத் தெரிவிக்கும் பிஓஐ அறிக்கையை, 2025 மார்ச் விதிமாற்றத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் உருவாகி இங்கே ஏதோ ஒரு மாநிலத்தில் பதிவுசெய்த கம்பெனிகள் மட்டுமே தரவேண்டும். அங்கே 'ஃபாரின்' என்றால் வேறு நாடு. ஆகவே கோயம்புத்தூர் பிரைவேட் லிமிடெட்டை நேரடியாக டெக்சாஸில் பதிவுசெய்பவர் அதைக் கவனிக்க வேண்டும். டெலாவேர் எல்எல்சிக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, எப்போது பதிவு தேவை? டெக்சாஸ் சட்டம் 'தொழில் செய்வது' என்றால் என்ன என்று நேராக வரையறுக்கவில்லை. எதெல்லாம் தொழில் செய்வதாகாது என்று பட்டியல் போடுகிறது. வங்கிக் கணக்கு வைத்திருப்பது, கூட்டம் நடத்துவது, மாநிலங்களுக்கிடையிலான வணிகம், 30 நாளுக்குள் முடியும் ஒற்றை வேலை, இப்படி. நடைமுறையில் நான் கேட்பது எளிமையான கேள்வி: இந்த மாநிலத்தில் உங்களுக்கு அலுவலகம் உண்டா, ஊழியர் உண்டா, கம்பெனி எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த வேலை இங்கே நடக்கிறதா? வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து நீங்கள் மட்டும் வேலை செய்தாலும் கம்பெனியின் வேலை நடக்கும் இடம் அந்த மாடியறைதான். டெலாவேரில் இருப்பது ரெஜிஸ்டர்ட் ஏஜென்டின், அதாவது கம்பெனிக்கு வரும் சட்டக் கடிதங்களை வாங்கிக்கொள்பவரின், முகவரி மட்டும்.

வந்தவர் இன்னொரு நியாயம் சொன்னார்: "பேரோல் எல்லாம் டெக்சாஸ்லதானே ஓடுது. வொர்க்ஃபோர்ஸ் கமிஷன்ல நம்பர்கூட இருக்கு." இது பலரும் செய்யும் பிழை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். வேலையின்மைக் காப்பீட்டுக்கு வொர்க்ஃபோர்ஸ் கமிஷன், வரிக்குக் கம்ப்ட்ரோலர், கம்பெனிப் பதிவுக்குச் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். மூன்றும் தனித்தனிக் கதவுகள். ஒன்றைத் திறந்தால் மற்றது தானாகத் திறக்காது. ஆனால் ஒன்றில் பெயர் இருந்து மற்றதில் இல்லையென்றால், அது எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணில் பத்து நிமிடத்தில் பட்டுவிடும். மூன்று ஊழியருக்குப் பேரோல் ஓட்டியதே இங்கே தொழில் செய்ததற்கு நாமே எழுதிக்கொடுத்த சாட்சி.

அன்று காகிதத்தை எடுத்து அவர் முன்னாலேயே கணக்குப் போட்டேன். டெக்சாஸில் வெளிமாநில எல்எல்சி பதிவுக் கட்டணம் 750 டாலர். பதிவில்லாமல் 90 நாளுக்கு மேல் தொழில் செய்திருந்தால், ஒவ்வொரு காலண்டர் ஆண்டுக்கும் இன்னொரு 750. ஆண்டின் ஒரு பகுதியும் முழு ஆண்டாகவே எண்ணப்படும். அவர் தொடங்கியது 2021 அக்டோபர், உட்கார்ந்திருந்தது 2025 பிப்ரவரி. மூன்று வருடம் நான்கு மாதம்தான், ஆனால் காலண்டரில் 2021, 22, 23, 24, 25 என்று ஐந்து ஆண்டு. தாமதக் கட்டணம் 3,750, அதோடு பதிவுக் கட்டணம் 750. மொத்தம் 4,500 டாலர். இதுபோக, கம்பெனிகளிடம் மாநிலம் வாங்கும் ஃப்ரான்சைஸ் வரிக்கான அறிக்கைகள். அவருடைய வருமானம் வரி கட்டும் வரம்புக்குக் கீழேதான், ஆனால் அறிக்கை தராமல் இருந்தது தவறுதானே. 2022, 2023-க்கு வரி அறிக்கை, 2024-க்குக் கம்பெனி விவர அறிக்கை, ஆக மூன்று. தாமதத்துக்கு அபராதமும் உண்டு.

பேனாவை வைத்ததும் அவர் கேட்ட கேள்வி இது: "டெக்சாஸ்லயே ஆரம்பிச்சிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்?" 300 டாலர். ஒரே தடவை.

டெலாவேரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. வென்ச்சர் கேபிடல் பணம் வாங்கப்போகும் கம்பெனிக்கும், பல மாநிலங்களில் பங்குதாரர்கள் உள்ள கம்பெனிக்கும் கம்பெனி வழக்குகளுக்குப் பேர்போன அங்குள்ள சான்சரி நீதிமன்றமும் நீண்ட தீர்ப்பு மரபும் உண்மையான பலம். ஆனால் ஒரே ஊரில், ஒரே குடும்பம் நடத்தும் கன்சல்டிங், டேகேர், இட்லிக் கடை, டிரக்கிங் தொழிலுக்கு அதனால் என்ன லாபம் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், சரியான பதில் இதுவரை கிடைக்கவில்லை. வரி மிச்சம் என்பார்கள். வேலை நடக்கும் மாநிலம் தன் வரியை எப்படியும் கேட்கும். டெலாவேரின் 300 அதற்கு மேல் சேருகிறது, அவ்வளவுதான்.

பயந்துபோய் வருபவர்களுக்கு ஆறுதலான பகுதியும் உண்டு. பதிவு செய்யாததால் நீங்கள் போட்ட ஒப்பந்தங்கள் செல்லாமல் போகாது. யாராவது உங்கள் மேல் வழக்குப் போட்டால் எதிர்வாதம் செய்யலாம். இந்த ஒரு காரணத்துக்காகக் கம்பெனிக் கடன் உங்கள் தலையில் விழாது. டெக்சாஸ் சட்டத்தில் இந்த மூன்றும் தெளிவாகவே இருக்கின்றன. மூடப்படுவது ஒரு வாசல்தான்: நீங்களாக வழக்கு நடத்தும் வாசல். கட்டணங்களைக் கட்டிப் பதிவு செய்தால் அதுவும் திறக்கும். ஆனால் வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிக்கும் நேரத்தில், சம்பளம் போடவே கை இறுகியிருக்கும்போது, 4,500 டாலர் புரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த முகத்தைப் பார்த்தவருக்குத் தெரியும்.

இன்னொரு வகைச் சிக்கல், நீங்கள் எங்கும் போகாமலே வருவது. ஊழியர் இடம் மாறுவது. கணவனுக்கோ மனைவிக்கோ வேறு ஊரில் வேலை கிடைக்கும், "வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன்" என்று கேட்பார்கள், நல்ல ஊழியரை விட மனம் வராமல் சரி என்போம். டெலிபிரைட் என்ற கம்பெனிக்கு நடந்தது இதுதான். அலுவலகம் மேரிலாந்தில். ஊழியர் ஒருவர் நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்து, வீட்டிலிருந்தே முழுநேரமும் கோடிங் எழுதினார். அந்த ஒருவர் போதும், கம்பெனி எங்களுக்கு வணிக வரி அறிக்கை தரவேண்டும் என்றது நியூஜெர்சி. 2012-ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

கலிபோர்னியா என்றால் இன்னும் கவனம் வேண்டும். என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு டெக்சாஸ் எல்எல்சியின் ஊழியர் ஃப்ரீமான்டுக்குப் போய் எட்டு மாதம் கழித்துத்தான், ஊழியரின் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2 தயாரிக்கும் நேரத்தில், முகவரி மாறிய விஷயமே எனக்குத் தெரிந்தது. அங்கே பதிவுக் கட்டணம் 70 டாலர்தான். ஆனால் லாபமோ நஷ்டமோ, ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் வரி. கலிபோர்னியா வருமானம் 2,50,000 டாலரைத் தொட்டால் அதன்மேல் தனிக் கட்டணம், 900-லிருந்து தொடங்கும். பதிவில்லாமல் தொழில் செய்ததற்கு நாளொன்றுக்கு 20 டாலர், 10,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஊழியர் இடம் மாறுவதாகச் சொல்லும் அன்றே உங்கள் கணக்காளருக்கு (சிபிஏ) ஒரு வரி எழுதுங்கள். அவர் அங்கே வீடு பார்ப்பதற்கு முன் எழுதினால் இன்னும் நல்லது.

நியூயார்க்கில் எல்எல்சிக்கு 250 டாலர் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. 120 நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் ஆறு வாரம் அறிவிப்புப் போட வேண்டும். மன்ஹாட்டனில் பதிவுக் கட்டணத்தைவிட விளம்பரச் செலவு பல மடங்கு.

பதிவு செய்யும் வேலையே பெரிதல்ல. அந்த மாநிலத்தில் ஒரு ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட் வேண்டும், அவருக்குத் தெருமுகவரி இருக்க வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது. உங்கள் பெயரில் அங்கே ஏற்கெனவே கம்பெனி இருந்தால் வேறு பெயரில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். பல மாநிலங்கள் தாய் மாநிலத்தின் குட் ஸ்டாண்டிங் சான்றிதழை, அதாவது கம்பெனி பாக்கியின்றி ஒழுங்காக இருக்கிறது என்ற சான்றை, கேட்கும். டெலாவேரில் ஆண்டு வரி பாக்கி இருந்தால் அது கிடைக்காது. வரியோடு 200 டாலர் அபராதத்தையும் வட்டியையும் கட்டிய பிறகுதான் மற்ற மாநிலத்தின் படிவத்தைத் தொடமுடியும்.

அதற்காக, எங்கெல்லாம் வாடிக்கையாளர் இருக்கிறாரோ அங்கெல்லாம் பதிவு செய்யச் சொல்லும் விற்பனையாளர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். இன்னொரு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் விற்பனை வரிக் கடமை வரலாம். அங்கே கடையோ ஆளோ இல்லாவிட்டாலும் அந்த வரியை வசூலிக்கச் சொல்லலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு அது தனிக் கணக்கு, கம்பெனிப் பதிவோடு குழப்ப வேண்டாம். பதிவுக்கு வேறு விளைவும் உண்டு. பென்சில்வேனியாவில் பதிவுசெய்த கம்பெனிமேல், அந்த மாநிலத்தோடு தொடர்பில்லாத விஷயத்துக்கும் அங்கே வழக்குப் போடலாம் என்று 2023 மேலரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வேலை முடிந்து ஒரு மாநிலத்தைவிட்டு வெளியேறினால் முறைப்படி விலகல் மனுவும் தரவேண்டும். ஃப்ரீமான்ட் ஊழியர் வேலையை விட்ட பிறகு அந்த எல்எல்சிக்காரர் கலிபோர்னியாவை மறந்தேவிட்டார், 800 டாலர் மட்டும் அவரை மறக்கவில்லை. டெக்சாஸிலிருந்து விலக, முதலில் கம்ப்ட்ரோலரிடம் வரி பாக்கி இல்லை என்ற சான்று வாங்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் இரண்டு வாரத்தில் பணத்தைப் புரட்டிக் கட்டினார். வெளிமாநில எல்எல்சி பதிவுக்கான படிவம் 304 ஏற்கப்பட்டது. மூன்று அறிக்கைகளையும் நான் தாக்கல் செய்தேன். அவருடைய வக்கீல் பதிவுச் சான்றை இணைத்து எதிர்த்தரப்புக்குப் பதில் அனுப்பினார். ஏப்ரலில் ஃபோன் வந்தது. இன்வாய்ஸ் பணத்தில் பாதி வந்துவிட்டது, மீதிக்குத் தவணை பேசியிருக்கிறார்கள். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார்: "அண்ணா, என் மச்சான் ஹூஸ்டன்ல ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும்கிறான். டெலாவேர்ல போடலாமான்னு கேக்குறான். உங்ககிட்ட அனுப்பட்டுமா?"